கூர்ணிக்குச் சென்ற செட்டியார்

சியால்தா நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் கிருஷ்ணநகர் வண்டியில் காலை வேளையில் ஏறுவோர்க்கு ஒரு சௌகரியம் உண்டு. கூட்டமெல்லாம் கொல்கத்தாவை நோக்கி வந்துகொண்டிருக்கும். எதிர்த்திசையில் செல்லும் நமக்கோ சன்னலோர இடம் எளிதில் கிடைக்கும். பாரக்பூர், நைஹாட்டி, கல்யாணி, ராணாகாட் என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னே ஒதுங்க, ஆலைகளின் புகைபோக்கிகள் மறைந்து வாழையும் மூங்கிலும் நெல்வயலும் தோன்றும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம். இரண்டரை மணி நேரம். கையில் ஒரு புத்தகம் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் குறையில்லை. பொரியில் கடுகெண்ணெயும் பச்சைமிளகாயும் கலந்து குலுக்கித் தருபவர் முதல் சட்டைப் பித்தான் விற்பவர் வரை ஒருவர் பின் ஒருவராக வந்து பொழுதைப் போக்கிவிடுவர்.

நம் சங்கத்து அன்பர்கள் பலர் இவ்வழியாக நவத்வீபத்துக்கும் மாயாபூருக்கும் சென்று வந்தவர்கள். கிருஷ்ணநகரில் இறங்கி, அங்கிருந்து மின்கல ரிக்ஷாவில் சிறிது தூரத்திலுள்ள கூர்ணிக்குச் சென்றவர்கள் சிலரே. வங்காளத்தில் குடியேறி இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை ஆகியும், ஆண்டுதோறும் கொலு வைக்கும் நம் குடும்பங்கள், பொம்மை வேண்டுமென்றால் பண்ணுருட்டியையும் காஞ்சிபுரத்தையும் மதுரையருகே விளாச்சேரியையும் நினைக்கின்றனவே யன்றி, இரண்டரை மணி தூரத்தில் இந்தியாவின் தலைசிறந்த மண்பொம்மைக் கலைஞர்கள் இருப்பதை நினைப்பதில்லை. நினைத்துச் செல்பவர்களும் அங்கே பொம்மை வாங்குவது எப்படி என்று அறிவார்கள். பொம்மை செய்யச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது எப்படி என்பதைத்தான் அறியார். இக்கட்டுரை அதைப் பற்றியது.

கூர்ணி, கிருஷ்ணநகரத்தின் ஒரு பகுதி. ஜலங்கி ஆறு அருகே ஓடுகிறது. பொம்மைக் கடைகள் வரிசையாக உள்ள சாலைக்குப் புதுல்பட்டி என்று பெயர். வங்காளியில் ‘புதுல்’ என்றால் பொம்மை. கடைக்குள் நுழைந்தால் முதலில் காய்கறிதான் கண்ணில் படும். பாகற்காயின் முள்ளும், பழுத்த வாழையின் கறுத்த புள்ளியும், வெட்டிய மீன் துண்டின் இரத்தச் சிவப்பும் அப்படியே இருக்கும். தொட்டுப் பார்த்தால்தான் மண்ணென்று தெரியும். அப்பால் மனிதர்கள். சுட்டுவிரல் உயரத்துக்குள் தபால்காரர், நெசவாளர், பாம்பாட்டி, ஏக்தாரா ஏந்திய பாவுல் பாடகர், மத்தளம் தட்டும் சந்தால் இளைஞர். கிழவியின் கழுத்துச் சுருக்கம் ஒவ்வொன்றையும் எண்ணலாம். தொந்தி பெருத்து நகைக்கும் கோபால் பாண்டும் அங்கே பல அளவில் வீற்றிருப்பார். இராஜா கிருஷ்ணசந்திரரின் அவை விகடகவி என்று வங்காளத்துக் கதைகள் சொல்லும் அவர், நம் தெனாலிராமனுக்குச் சகோதரர் போன்றவர்.

அந்தக் கிருஷ்ணசந்திரர்தாம் 18ஆம் நூற்றாண்டில் குயவர் குடும்பங்களுக்கு இங்கே ஆதரவளித்து இக்கலையை வளர்த்தார் என்று ஊரார் சொல்வர். அடுத்த நூற்றாண்டில் கப்பலேறி இதன் புகழ் பரவியது. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் கிருஷ்ணநகர்க் கலைஞர் ஸ்ரீராம் பாலின் உருவங்கள் இடம்பெற்றன. 1886இல் அதே நகரில் நடந்த குடியேற்ற நாடுகள், இந்தியா ஆகியவற்றின் கண்காட்சிக்கும் இவ்வூர் மண்ணுருவங்கள் சென்றன. அமெரிக்காவில் சேலம் என்னும் துறைமுக நகரிலுள்ள பீபாடி எஸ்ஸெக்ஸ் அருங்காட்சியகத்தில், கல்கத்தா வணிகர்களின் ஆளுயர மண்ணுருவங்கள் இன்றும் உள்ளன. (நம் மாம்பழச் சேலம் அன்று!) தங்களோடு வாணிகம் செய்த வங்காளிகளின் சாயலை அமெரிக்க வணிகர்கள் இவ்வாறு கொண்டுசென்றனர். குறிப்பிட்ட ஒரு மனிதரின் முகத்தை மண்ணில் வடித்துத் தருவது, அதாவது கேட்டவருக்கென்றே செய்து தருவது, கூர்ணிக்கு நேற்று வந்த வழக்கமன்று என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன்.

இனிப் பொம்மை எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

களிமண்ணை ஊறவைத்து, வேரும் கல்லும் நீக்கி, பிசைந்து வைப்பது முதல் வேலை. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் செய்வது இது. கடையில் பெயர் சொல்லப்படுவதோ ஆண்களுடையது. ஒட்டும் தன்மை மிகுந்த மண் ஒன்று, மணல் கலந்த மண் ஒன்று. இரண்டையும் எவ்வளவு சேர்ப்பது என்பது கைக்குத் தெரிந்த கணக்கு. ஒட்டு மண் மிகுந்தால் உலரும்போது வெடிக்கும். மணல் மிகுந்தால் மூக்கு நுனி உதிரும். பிறகு விரல்களாலும் மூங்கில் சீவல் கருவியாலும் உரு வனைவர். ஒரே பொம்மையை நூறு, இருநூறு என்று செய்ய வேண்டுமானால் அச்சு எடுத்துக்கொள்வர். ஒன்றே ஒன்று போதும் என்று கேட்டு வருபவருக்கு அச்சு ஏது? அடி முதல் முடி வரை கையாலேயே ஆகவேண்டும்.

உலர்த்துவதில்தான் நாட்கள் போகின்றன. வெயிலில் வைத்து விரைவில் உலர்த்த முடியாது. விரலும் காதும் மெல்லியவை, முன்னே உலர்ந்து சுருங்கும். வயிறு பருத்தது, உள்ளே ஈரம் நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, இணைப்பில் கீறல் விழும். ஆகவே மெல்லிய பகுதிகளில் ஈரத்துணி சுற்றி, நிழலில் வைத்து, எல்லாப் பாகமும் ஒரே நடையில் உலருமாறு பார்த்துக்கொள்வர். ஈரம் மிச்சமிருக்கச் சூளையில் வைத்தால் அந்நீர் ஆவியாகிப் பொம்மையைப் பிளந்துவிடும். ஆடி, ஆவணி மாதங்களில் வங்காளத்துக் காற்றே நனைந்த துணி போலிருக்கும் என்பதை நாம் அறிவோம். நம் வேட்டியே இரண்டு நாள் உலராத காலத்தில் களிமண் எப்படி உலரும்?

சூளையை ஒரு பொம்மைக்காக மூட்டுவதில்லை. விறகு விலைக்குக் கட்டாது. சூளை நிறையும் அளவுக்கு மற்றப் பொம்மைகள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். வெந்து ஆறிய பின் சுண்ணப் பூச்சு, அது உலர்ந்தபின் வண்ணம், வண்ணத்தின் மேல் வண்ணம், இறுதியில் மெருகு. புளியங்கொட்டைப் பசையில் வண்ணம் குழைப்பது பழைய முறை. இப்போது கடையில் விற்கும் வண்ணங்களும் பெரிதும் வழங்குகின்றன. கண் எழுதுவது கடைசி. நம் ஸ்தபதிகள் கண் திறத்தல் என்பர். வங்காளிகள் சக்ஷுதானம் என்பர். அதற்குக் கை நடுங்காத காலைப்பொழுது வேண்டும்.

இத்தனையும் புத்தக அறிவாக இருந்திருக்கும், லேக் மார்க்கெட் பக்கத்தில் எங்கள் குடியிருப்பிலுள்ள ஒரு பாட்டியின் செட்டியார் பொம்மை இல்லாமலிருந்தால்.

கொலுவில் செட்டியார் கடை வைப்பதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. தொந்தியும் தொடை மீது கையுமாகச் செட்டியார், பக்கத்தில் செட்டிச்சி, முன்னே அரிசி, பருப்பு, மிளகாய், வெல்லம் என்று சின்னச் சின்னக் குவியல்கள். பாட்டி 1962இல் மணமாகிக் கரக்பூருக்கு வந்தபோது கும்பகோணத்திலிருந்து இந்தத் தம்பதியும் உடன் வந்தனர். அவர் கணவர் ரயில்வேயில் பணிபுரிந்தவர். 1994இல் கொல்கத்தாவுக்கு வீடு மாற்றியபோது ஹவுரா நிலையத்தில் பெட்டி ஒன்று கீழே விழுந்தது. செட்டியார் பிழைத்தார், செட்டிச்சி பிழைக்கவில்லை. அது முதல் ஏறக்குறைய முப்பது கொலுக்களில் அவர் தனியாகவே கடை நடத்தினார். புதிய தம்பதி ஒன்றை வாங்கித் தருகிறோம் என்று பிள்ளைகள் பலமுறை சொன்னார்கள். “புதுத் தம்பதி வந்தால் இவர் எங்கே போவார்?” என்பது பாட்டியின் கேள்வி. அதற்கு விடை சொல்ல யாராலும் முடியவில்லை.

2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நான் கூர்ணிக்குப் புறப்பட்டபோது, பழைய வேட்டியில் சுற்றிய செட்டியாரைப் பாட்டி என் மடியில் வைத்தார். “அவர்களிடம் காட்டு. இவருக்கு ஏற்றவளாக ஒருத்தியைச் செய்யச் சொல். அவசரமில்லை, நவராத்திரிக்குள் வந்தால் போதும்” என்றார்.

நான் கண்ட கலைஞர் ஐம்பது வயதைக் கடந்தவர். கடைத்தெருவில் அவருக்குக் கடை கிடையாது. பின்புறச் சந்தில் தகரக் கூரையிட்ட ஒரு வீடு, அதன் தாழ்வாரமே பட்டறை. கடைகளுக்கு அச்சுப் பொம்மை செய்து கொடுத்து வாழ்பவர். யாரேனும் தனியாக ஒன்று செய்யச் சொன்னால் அதையும் ஏற்பார். மகன் பெங்களூரில் வேலைக்குச் சென்றுவிட்டான். செட்டியாரை அவர் வாங்கிய விதமே எனக்குப் பிடித்திருந்தது. நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதின் பின்னே நகத்தால் தடவி, இரண்டு பாதி அச்சை ஒட்டிய இணைப்பு இங்கே இருக்கிறது என்றார். அடியில் தட்டி ஓசை கேட்டார். பிறகு, “இவர் மனைவி எப்படி இருப்பார்?” என்று கேட்டார்.

எளிய கேள்விதான். ஆனால் அதற்கு நான் விடை சொல்ல ஒரு மணி நேரமாயிற்று. புடைவைத் தலைப்பு எந்தத் தோளில்? மூக்குத்தி ஒரு பக்கமா, இரு பக்கமா? கொண்டை பின்னாலா, பக்கவாட்டிலா? நெற்றி வகிட்டில் குங்குமம் உண்டா? காலை மடித்து உட்காருவாரா, குத்திட்டா? அவர் பார்த்த பெண்களெல்லாம் வங்காளப் பெண்கள். எனவே படங்கள் கேட்டார். வீடு திரும்பியதும் பாட்டியின் பழைய புகைப்படங்களையும், பிற கொலுக்களின் படங்களையும் கைப்பேசி வழியாக அனுப்பினேன். பாதித் தொகை முன்பணம். நவராத்திரிக்கு முன் முடிக்கப் பார்க்கிறேன் என்பது அவர் வாக்கு. ‘பார்க்கிறேன்’ என்ற சொல்லை எல்லாரும் ‘முடிக்கிறேன்’ என்றே காதில் வாங்கிக்கொள்கிறோம்.

ஆடி நடுவில் ஒரு படம் வந்தது. பச்சை மண்ணில் ஒரு பெண் அமர்ந்திருந்தார். அழகான உருவம். முழங்கை மடிப்பும், சற்றே களைத்த கண்ணும், மூச்சு விடுகிறாரோ என்று தோன்றும்படி இருந்தன. பாட்டிக்குக் காட்டினேன், அவரும் நன்றாயிருக்கிறது என்றார். மறுவாரம் கலைஞரே அழைத்தார். “தாதா, அதைக் கலைத்துவிட்டேன்” என்றார். செட்டியாரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். பொருந்தவில்லை. கும்பகோணத்துப் பொம்மை அகன்ற கண்ணும் உருண்ட கன்னமும் கொண்ட கூத்து வேஷம். தாம் செய்தது அடுத்த வீட்டுப் பெண். “ஒருவர் மேடையில் நடிக்கிறார், மற்றவர் சந்தைக்குப் போகிறார், இருவரும் எப்படிக் கணவன் மனைவி ஆவார்கள்?” என்று கேட்டார்.

நான் அதைப் பற்றிப் பிறகு பலமுறை எண்ணியதுண்டு. யாரும் குறை சொல்லவில்லை. அந்த உருவத்தை அப்படியே சுட்டு வண்ணமிட்டுக் கொடுத்திருந்தால் நாங்கள் மகிழ்ந்து வாங்கியிருப்போம். மீதிப் பணமும் அவருக்கு உரிய காலத்தில் கிடைத்திருக்கும். உயிருள்ளது போலச் செய்வதே கூர்ணியின் பெருமை. அப்பெருமையைக் கைவிட்டு, வேறு ஒரு நாட்டுக் குயவர் கண்ட கண்ணையும் கன்னத்தையும் அவர் கை புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. இந்த மூன்று வாரத்தையே வாங்குபவர் ‘தாமதம்’ என்று எழுதிக்கொள்கிறார்.

உயரத்திலும் ஒரு சிக்கல். களிமண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்கும். பச்சை மண்ணில் இருந்த அளவில் பத்தில் ஒரு பங்கு வரை குறைவது இயல்பு. செட்டியார் வெந்து முடிந்தவர், இனிச் சுருங்கமாட்டார். அவர் தோளுக்கு வரவேண்டிய மனைவியைப் பச்சை மண்ணில் அவர் காதுக்கு வருமாறு செய்ய வேண்டும். இதையெல்லாம் சரிபார்த்து இரண்டாவது உருவம் முடிந்தபோது ஆவணி பாதி போய்விட்டது. வானம் திறந்துகொண்டது. உருவம் பரண் மேல் ஈரத்துணிக்குள் இருந்தது.

அதன்பின் வந்தது பூஜைக் காலம். வங்காளத்தில் வாழும் நாம் இதை மறப்பது வியப்பு. நமக்கு நவராத்திரி எப்போதோ, அப்போதே அவர்களுக்குத் துர்கா பூஜை. நமக்குப் பொம்மை வேண்டிய அதே நாளில் வங்காளம் முழுவதற்கும் தேவி வேண்டும். மண் தொட்ட கை ஒவ்வொன்றும் அப்போது யாரோ ஒரு பந்தலுக்குக் கடன்பட்டிருக்கும். நம் கலைஞரும் ஆண்டுதோறும் அந்த இரண்டு மாதம் ஒரு பெரிய பட்டறைக்குக் கூலிக்குச் சென்று தேவியின் விரல்களையும் அசுரனின் முகத்தையும் செய்து தருபவர். குடும்பத்துக்கு ஆண்டு முழுவதற்குமான அரிசியில் பெரும்பகுதி அந்தக் கூலியிலிருந்து வருவது. துர்கையைத் தொடர்ந்து லக்ஷ்மி, காளி. அதன்பின் கிருஷ்ணநகரத்தின் தலையாய திருவிழாவான ஜகத்தாத்ரி பூஜை. கார்த்திகை வரை கை ஓயாது.

புரட்டாசியில் பாட்டியின் மருமகள் என்னை அழைத்தார். வங்கியில் பணிபுரிபவர், நல்ல குணமுள்ளவர், சுற்றி வளைத்துப் பேசமாட்டார். “மாமா, பணம் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. இன்று கேட்டால் நாளை மறுநாள் செட்டியாரும் செட்டிச்சியும் ஜோடியாகத் தமிழ்நாட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. இந்தக் கொலுவுக்கு இல்லையென்றால் எந்தக் கொலுவுக்கு? முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு விடுங்கள்” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. எண்பத்து மூன்று வயது என்பது எந்தச் சூளையும் அறியாத கணக்கு. கேட்பதாகச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் கேட்க மனமின்றி நேரிலேயே சென்றேன்.

அன்று மாலை, பட்டறை வேலை முடிந்து கையில் வைக்கோலும் மண்ணுமாக அவர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கோபமோ கெஞ்சலோ இல்லை. உள்ளே சென்று விளக்கைப் போட்டு ஒரு அலமாரியைக் காட்டினார். அதில் ஏழெட்டு உருவங்கள் இருந்தன. மீசை வைத்த ஒரு பெரியவரின் மார்பளவு உருவம். கண்ணாடி அணிந்த ஒரு பெண்மணி. கழுத்தில் பட்டையுடன் ஒரு நாய். மாலை மாற்றும் ஒரு தம்பதி, மணமகனுக்குக் கன்னத்தில் மச்சம்கூட இருந்தது. எல்லாம் யாரோ புகைப்படம் கொடுத்து, முன்பணம் கொடுத்து, பிறகு வாராமல் விட்டவை. சிலர், தாமதம் என்று கோபித்துக்கொண்டார்கள். சிலருக்கு ஊர் மாற்றம். சிலர் ஏன் வரவில்லை என்றே தெரியவில்லை.

“பாகற்காயை நீங்கள் வேண்டாமென்றால் இன்னொருவர் வாங்குவார். தபால்காரரையும் வாங்குவார். இந்தப் பெரியவரை யார் வாங்குவார்? அவருடைய பேரனுக்குத்தான் இவர் வேண்டும். வேறு யாருக்கும் வேண்டாம். கலைத்து மண்ணாக்கலாம் என்றால் சுட்ட மண் கலையாது. உடைக்கலாம் என்றால் மனித முகம், கை வரவில்லை” என்றார். சற்றுப் பொறுத்து, “உங்கள் பெண்ணுக்கு இந்த வங்காளம் முழுவதிலும் ஒரே ஒரு கணவர்தாம் உண்டு, அவர் லேக் மார்க்கெட்டில் இருக்கிறார். மாஷிமா வேண்டாமென்றால் இவளும் இந்த அலமாரிக்குத்தான் வருவாள். முன்பணம் திருப்பித் தருகிறேன், ஆனால் பூஜைக்கூலி வந்த பிறகு” என்றார்.

முன்பணம் என்று நாம் கொடுப்பது எங்கே போகிறது என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். மண்ணுக்கும் விறகுக்கும் போவது சிறு பங்கு. அச்சுப் பொம்மை செய்யாத நாட்களில் வீட்டுச் செலவுக்குப் போவது பெரும் பங்கு. தனிப் பொம்மையில் அவர் செலவிடும் ஒவ்வொரு நாளும், கடைக்காரருக்குக் கொடுத்திருக்கக்கூடிய பத்து, இருபது பொம்மைகளின் வருவாயை இழந்த நாள். ஏன் ஏற்கிறீர்கள் என்று கேட்டேன். “அச்சில் அழுத்துவதற்குக் கை போதும். இதற்கு நான் வேண்டும்” என்றார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரியிலிருந்த மீசைப் பெரியவரைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் மாறியது. “மண் உலர்ந்துவிட்டதா என்று கேட்டாயா?” என்றார். இல்லை என்றேன். “உலரவில்லை என்றால் நவராத்திரியாவது ஒன்றாவது? ஈரத்தோடு சூளையில் வைத்து வெடிக்க விடவா? முப்பது வருஷம் தனியாக இருந்த மனுஷன் இன்னும் ஒரு வருஷம் இருப்பார்” என்று முடித்துவிட்டார். மருமகள் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கொலுவில் செட்டியாரின் இடப்பக்கம் ஒரு பொம்மை அளவுக்கு இடம் விட்டு வைத்தவர் அந்த மருமகளே.

செட்டிச்சி மார்கழிக் கடைசியில் வந்தாள். நானே சென்று மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அரக்குச் சிவப்புப் புடைவை, மஞ்சள் பூசிய முகம், இரு பக்கமும் மூக்குத்தி. கண் மட்டும் செட்டியாரைப் பார்க்காமல் எதிரே வாடிக்கைக்காரரைப் பார்க்கும்படி எழுதியிருந்தார். அறுபது ஆண்டுப் பழைமையால் செட்டியாரின் வண்ணம் மங்கியிருந்ததல்லவா? மெருகின் மேல் ஏதோ மெல்லிய பழுப்பு ஏற்றி, இவளுக்கும் அதே வயதை வரவழைத்திருந்தார். பாட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “கொஞ்சம் ஒல்லி” என்றார். பிறகு, “கடையில் இவளும் உழைக்கிறாள் போலிருக்கிறது” என்று சொல்லி, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 2024 நவராத்திரியில் எங்கள் குடியிருப்பில் அந்தக் கடையைப் பார்க்கத்தான் கூட்டம்.

இதைப் படித்துவிட்டுக் கூர்ணிக்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். பொறுமை என்பது ஏமாளித்தனம் அன்று. கையில் பத்து வேலை இருக்கப் பதினோராவதையும் ஒப்புக்கொண்டு, அழைத்தால் எடுக்காமல் ஒளிபவர்கள் அங்கும் உண்டு. எந்தத் தொழிலில் இல்லை? ஆகவே உயரம், தொகை, முன்பணம், எந்த மாதம் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது நல்லது. பச்சை மண்ணில் ஒருமுறை படம் கேளுங்கள். மாற்றம் சொல்வதானால் அப்போதே சொல்லுங்கள். உலர்ந்தபின் முகம் திரும்பாது, வெந்தபின் ஒன்றுமே ஆகாது. அதன்பின் வாரந்தோறும் அழைத்து ‘ஆயிற்றா?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘எந்த நிலையில் இருக்கிறது?’ என்று கேட்டால் உண்மையான விடை கிடைக்கும். அவர் மூக்கைப் பற்றிக் கேட்டால் அன்றே படம் அனுப்புங்கள். பாதித் தாமதம் நாம் விடையளிக்காததால் நேர்வது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எப்போது செல்வது என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். தை, மாசியில் சரஸ்வதி பூஜை முடிந்துவிடும். அதன்பின் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வெயில் நன்றாக இருக்கும், கைகளும் ஓய்ந்திருக்கும். ரத யாத்திரை வந்துவிட்டால் தேவியின் சட்டம் கட்டத் தொடங்கிவிடுவார்கள், மழையும் வந்துவிடும். மாசியில் சொன்ன பொம்மை நவராத்திரிக்கு வரும். ஆவணியில் சொன்னது அடுத்த நவராத்திரிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது வைக்கோலும் செய்தித்தாளும் வைத்துக் கட்டித் தருவார்கள். இருந்தாலும் மேல்தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்வதே உத்தமம். கிருஷ்ணநகரத்தின் சர்பூரியாவையும் சர்பாஜாவையும் வாங்க மறக்கவேண்டாம். பாலேட்டில் செய்யும் அந்த இனிப்புகள் மறுநாளைக்கு வைத்தால் சுவை குன்றும், ஆதலால் வண்டியிலேயே தொடங்கிவிடலாம்.

சென்ற முறை நான் போனபோது அவர் தாழ்வாரத்தில் புதிதாக நான்கு உருவங்கள் பச்சை மண்ணில் இருந்தன. சால்ட் லேக்கில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் நாகஸ்வர கோஷ்டி கேட்டிருக்கிறதாம். நாகஸ்வரக்காரர் இருவரும் முடிந்துவிட்டனர், தாளம் போடும் சிறுவனும் முடிந்துவிட்டான். தவில்காரர் மட்டும் கையில்லாமல் அமர்ந்திருந்தார். தவிலின் இரண்டு முகமும் ஒரே அளவா, குச்சி எந்தக் கையில் என்று கேட்டார். ஒரே அளவல்ல, இடக்கையில் குச்சி, வலக்கை விரல்களில் கூடு என்று சொன்னேன். சொன்னால் போதாது, படம் வேண்டும், இரு பக்கத்திலிருந்தும் வேண்டும் என்றார். அன்றிரவே அனுப்பிவிட்டேன்.